மூட்டைப்பூச்சிக்கு எந்த மருந்து?

சாமைச் சோறு பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு நாமக்கல்லிலிருந்து ஒரு நண்பர் கைப்பேசியில் அழைத்தார். எண்பதை நெருங்குகிறவர். சாமையைப் பாராட்டிவிட்டு, பேச்சோடு பேச்சாகத் தன் வீட்டில் மூட்டைப்பூச்சி வந்த கதையைச் சொன்னார். பெங்களூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பேரன் லீவுக்கு வந்தபோது பெட்டியோடு வந்துவிட்டதாம்.

“அம்மா, அந்தக் காலத்துல டி.டி.டி. அடிச்சாங்க, ஒழிஞ்சுது. அப்புறம் டிக்-20 வந்துச்சு, நுவான் வந்துச்சு. இப்ப ஒண்ணொண்ணாத் தடை பண்ணிட்டாங்க. தடை பண்றவங்க வீட்டுக் கட்டில்ல மூட்டைப்பூச்சி இருந்தாத்தான் தெரியும். நீங்க கவர்மெண்ட்ல இருந்தவங்கதானே, சொல்லுங்க. இனிமே எந்த மருந்தைத்தான் அடிக்கிறது?”

நான் அரசாங்கத்தில் இருந்தது குமாஸ்தாவாக. தடை உத்தரவில் கையெழுத்துப் போடும் நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் பல மாடி தூரம். ஆனாலும் அவர் கேள்வி நியாயமானது. இதே கேள்வியைச் சென்ற ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணும் என்னிடம் கேட்டாள். அவள் கேட்ட விதம் வேறு. அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

செம்மேட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் குடியிருக்கிறாள். கணவனுக்குப் போர்வெல் லாரியில் வேலை, திருச்செங்கோட்டு வண்டி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எட்டு மாதம் சுற்றிவிட்டு ஊருக்கு வந்தான். அவனோடு ஒரு ரெக்சின் பையும் இரண்டு கம்பளியும் வந்தன. பத்துப் பதினைந்து நாளில் கைக்குழந்தையின் கழுத்திலும் கையிலும் வரிசையாகத் தடிப்பு. கொசு என்று நினைத்து வலை கட்டினார்கள். ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால், கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகளில், தூளிச் சேலையின் மடிப்பில், சுவர் வெடிப்பில் எல்லாம் மிளகுத் தூள் சிந்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். நம் வயதுக்காரர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது. மரவள்ளிக்கு அடிக்க வாங்கியதில் உறவுக்காரர் ஒருவர் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாராம்.

“எத்தனை மூடி கலக்கணும்னு இதுல எழுதியிருக்கான்னு பாருங்கம்மா” என்று நீட்டினாள். பாட்டிலில் ஒட்டியிருந்தது பிராந்திக் கம்பெனியின் லேபிள்.

“இதை வீட்டுக்குள்ள அடிக்காதே, பிள்ளை தூங்குற இடம்” என்றேன். கட்டிலையும் பாயையும் வெயிலில் போடு, வெந்நீர் ஊற்று என்று நம் பாட்டிமார் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“மூணு ராத்திரியாப் பிள்ளை தூங்கல. நானும் தூங்கல. வெயில்ல போடச் சொல்றீங்க, ஐப்பசியில இந்த மலைல வெயில் எங்கம்மா இருக்கு? வெந்நீர் வைக்க விறகு யாரு சுமக்கிறது? நான் வேலைக்குப் போகணும். இது அடிச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். பிள்ளையை ரெண்டு நாள் எங்கம்மா வீட்டுல விட்டுடறேன்.”

அவள் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. கீழே இருப்பவர்கள் “வெயிலில் போடு” என்று சொல்லிவிடலாம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஆயிரம் மீட்டருக்கு மேல் வந்துவிட்டால், மழை தொடங்கியது முதல் தை பிறக்கும் வரை மூட்டம்தான். துவைத்த துணியே மூன்று நாள் காய்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். அதைச் சொன்னாலே இங்கே சிலருக்குச் சிரிப்பு வரும். கொல்லிமலையில் பிரெஞ்சுக்கு என்ன வேலை? ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வேலை இருக்கிறது. பிரெஞ்சில் மூட்டைப்பூச்சிக்கு ‘ப்யுனேஸ்’ என்று பெயர். காகிதத்தைப் பலகையில் குத்தி வைக்கும் தட்டையான ஆணிக்கும் அதே பெயர்தான். வடிவம் ஒன்றாக இருப்பதால் வந்த பெயராக இருக்கும். எங்கள் வகுப்பில் மதாம் ஒருநாள் தேசப்படம் மாட்டுவதற்காக, “நாளைக்கு ஆளுக்கு நாலு ப்யுனேஸ் கொண்டு வாருங்கள்” என்றார். பின் வரிசைக் குறும்புக்காரி ஒருத்தி மறுநாள் தீப்பெட்டியில் நாலு நிஜ மூட்டைப்பூச்சிகளைப் பிடித்து வந்து மேசைமேல் வைத்தாள். வகுப்பே கவிழ்ந்தது. அவளுக்கு முழங்கால் தண்டனை கிடைத்தது. எந்த வீட்டிலும் மூட்டைப்பூச்சியைத் தேட வேண்டியிராத காலம் அது. சினிமாக் கொட்டகை பெஞ்சு, ரயில் இருக்கை, ஆஸ்பத்திரிக் கட்டில், அலுவலகப் பிரம்பு நாற்காலி என்று எங்கும் அதன் குடித்தனம்தான்.

இன்னொரு சொல்லும் அங்கே கற்றதுதான். பயிருக்கு அடிக்கும் விஷத்தைப் பிரெஞ்சு அரசாங்கத் தாள்களில் விஷம் என்று எழுத மாட்டார்கள். ‘பயிர் நலப் பொருள்’ என்ற பொருள்படும் ஒரு நீண்ட சொல்லைப் போடுவார்கள். நாம் அதற்கும் ஒரு படி மேலே போய் ‘மருந்து’ என்றே சொல்லிவிட்டோம். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, கத்தரிக்காய்க்கு அடிப்பதும் மருந்து. ஆனால் “அவ மருந்து குடிச்சிட்டா” என்று யாராவது சொன்னால் மட்டும், எந்த மருந்து என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. மொழிக்கு உண்மை தெரிந்துதான் இருக்கிறது.

இனி நண்பரின் டி.டி.டி.க்கு வருகிறேன்.

டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பவுல் முல்லர். 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கியது. அதற்குமுன் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டு எட்டு லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. 1960களின் நடுவில் நோயாளிகள் ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து இந்த மலைக்கு வேலைக்கு வர மறுத்த கதைகளை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே டி.டி.டி.யை வெறுமனே திட்டுவது நன்றி கெட்ட செயல். முதுகில் பம்பு மாட்டிய ஆட்கள் வீடு வீடாக வந்து, சாமி படத்தை எடுங்கள், அரிசிப் பானையை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுவரில் வெள்ளையாக அடித்துவிட்டு, வாசலில் தேதி எழுதிப் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் வேலை பார்த்த பிரிவுகளில் ஒன்றில் அந்தக் கிடங்குக் கணக்கும் என் மேசைக்கு வரும். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு ஒரு கிராம், ஆண்டுக்கு இரண்டு சுற்று என்பது இன்னும் மனப்பாடம்.

ஆனால் மூட்டைப்பூச்சியின் கணக்கு வேறு. டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1947இல், ஹவாய்த் தீவில் பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்புகளில் அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972இல். அதாவது தடை வருவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே பூச்சி தப்பிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நம் நாட்டிலும் வேறு பல நாடுகளிலும் மலேரியாவுக்காக வீட்டுக்குள் டி.டி.டி. அடித்தபோது, மூட்டைப்பூச்சி சாகவில்லை. எரிச்சலடைந்து சந்துகளிலிருந்து வெளியே வந்து இன்னும் அதிகமாகக் கடித்தது. “நீங்க அடிச்ச பிறகுதான் மூட்டைப்பூச்சி ஜாஸ்தி” என்று சொல்லி மருந்தடிக்க வந்தவர்களுக்கு மக்கள் கதவைச் சாத்தினார்கள். மலேரியாத் திட்டத்துக்கே இது ஒரு தலைவலியானது.

இன்னொன்றையும் பாருங்கள். இந்தியா டி.டி.டி.யை 1989இல் விவசாயத்தில்தான் நிறுத்தியது. நோய் பரப்பும் கொசுவுக்காக வீட்டுச் சுவரில் அடிப்பதைத் தொடர்ந்து அனுமதித்தது. தடை செய்ததால்தான் மூட்டைப்பூச்சி திரும்பி வந்தது என்றால், அமெரிக்காவில் வந்திருக்க வேண்டும், இங்கே வந்திருக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் வந்திருக்கிறது. டி.டி.டி.க்குப் பின் வந்த கொசுவத்திக் குடும்பத்து மருந்துகளுக்கும் இன்று அது பெரும்பாலும் அசைவதில்லை.

மிச்சம் இருப்பவை எவை? பூச்சியின் நரம்பைப் பிடித்து இழுத்துச் சாகடிக்கும் கடுமையான விஷங்கள். பூச்சியின் நரம்பில் அது செய்யும் வேலையை மனிதன் நரம்பிலும் செய்யும். உடம்பு சிறியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் செய்யும். நுவான் என்று நமக்குப் பழக்கமான டைக்குளோர்வாஸ் அந்த இனம்தான். 2018 ஆகஸ்டில் வந்த உத்தரவின்படி 2020 டிசம்பர் 31 முதல் அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

இந்த விவாதம் நமக்கு மட்டுமானது அல்ல. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் மூட்டைப்பூச்சி பெருகி, 2009இல் அந்த மாநில அரசே மத்திய அரசிடம் மனுப் போட்டது. புரோபாக்சர் என்ற மருந்தை வீட்டுக்குள் அடிக்க விதிவிலக்குக் கொடுங்கள், ஏழைகள் அவதிப்படுகிறார்கள் என்று கேட்டது. அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல் மறுத்துவிட்டது. அறையில் தவழும் குழந்தைகளுக்கு ஆபத்து என்பது அது சொன்ன காரணம். மனுப் போட்டவர்களும் பொய் சொல்லவில்லை, மறுத்தவர்களும் பொய் சொல்லவில்லை.

பிரான்சில் 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் முழுக்க இதே பேச்சு. மெட்ரோவில், சினிமாவில், அதிவேக ரயிலில் ப்யுனேஸ் என்று ஒரே கூச்சல். எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் ஒரு சிறு குப்பியில் மூட்டைப்பூச்சிகளைப் போட்டு நாடாளுமன்றத்துக்கே கொண்டுபோய்ப் பிரதமரிடம் காட்டினார். செய்தியைப் படித்தபோது எங்கள் வகுப்புத் தீப்பெட்டி ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆண்டு அவர்களுடைய உணவு, சுகாதாரப் பாதுகாப்பு முகமை ஓர் அறிக்கை வெளியிட்டது. 2017 முதல் 2022 வரை நூற்றுக்குப் பதினொரு குடும்பங்களில் மூட்டைப்பூச்சி இருந்ததாகவும், ஒழிக்கக் குடும்பத்துக்குச் சராசரியாக 866 யூரோ செலவானதாகவும் அதில் இருந்தது. மருந்தில் ஆரம்பிக்காதீர்கள், ஆவி, 60 டிகிரி வெந்நீர்த் துவையல், உறிஞ்சும் இயந்திரம் இவற்றில் ஆரம்பியுங்கள் என்பது அவர்கள் புத்திமதி. செலவு செய்ய முடியாதவர்கள் சந்தையில் திருட்டுத்தனமாக விற்கும் டைக்குளோர்வாஸ் பாட்டிலை வாங்கி அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாரிஸ் ஏழையும் செம்மேட்டுப் பெண்ணும் ஒரே பாட்டிலைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

அடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி. 2018இல் எகிப்தில் ஹர்காடா என்ற கடற்கரை ஊரில், ஓட்டலில் பக்கத்து அறைக்கு மூட்டைப்பூச்சி மருந்து அடித்தார்கள். இடையில் இருந்த கதவின் இடுக்கு வழியாக வந்த புகையால் பிரிட்டிஷ் தம்பதி இருவர் இறந்தார்கள். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பூச்சியும் எலியும் வெவ்வேறு. மூடிய அறையும் தூங்கும் குழந்தையும் ஒன்றுதான்.

அதனால் தடை சரிதான் என்பது என் கட்சி. ஆனால் அந்த வாக்கியத்தை அங்கேயே முடித்துவிட்டால், பாட்டிலோடு வந்து நின்ற பெண்ணுக்கு நான் ஒன்றும் சொன்னதாகாது. இதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது, இலங்கையில்.

1990களின் நடுவில் உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கை ஒன்று. பெரும்பாலும் பூச்சி மருந்து குடித்துத்தான். 1995 முதல் மிகக் கொடிய விஷங்களை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. விளைச்சல் விழவில்லை. காரணம், ஒன்றை எடுத்தபோது அந்த வேலைக்கு ஆபத்துக் குறைந்த இன்னொன்று கடையில் இருந்தது. அதே இலங்கை 2021இல் உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தியது. விவசாயி கையில் மாற்று எதுவும் இல்லை. விளைச்சல் சரிந்தது, ஜனம் தெருவுக்கு வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஒரே தீவு, இரண்டு தடை. கையில் என்ன கொடுத்துவிட்டு எதைப் பிடுங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நம் தமிழ்நாட்டிலும் 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உள்பட ஆறு மருந்துகளை 60 நாளுக்கு நிறுத்தினார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை நிரந்தரமாகவே நிறுத்தினார்கள். தற்கொலைகளைக் குறைக்கத்தான். நல்ல காரியம். 60 நாள் கழித்து அந்த ஆறும் கடைக்குத் திரும்பலாம் என்பதுதான் அதிலிருந்த குறை.

மாற்றுக் கொடுக்க அரசாங்கத்தால் முடியாது என்று சொல்லவும் முடியாது. நம் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது. மரவள்ளியில் புது மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, வேகமாக சேலம், நாமக்கல் பக்கம் பரவியது நினைவிருக்கும். என்ன அடித்தும் நிற்கவில்லை. பெங்களூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து வளர்த்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கி அதை வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்பில் முட்டையிட்டு அதை அழிப்பது அந்தக் குளவியின் பிழைப்பு. ஒரு பூச்சிக்கு மறுவழி வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தால் கடல் கடந்தும் கொண்டுவருகிறது. அந்தப் பூச்சி மரவள்ளியில் இருந்தது, மரவள்ளிக்குப் பின்னால் சேகோ ஆலை இருந்தது. கயிற்றுக் கட்டிலில் இருக்கும் பூச்சிக்குப் பின்னால் எந்த ஆலையும் இல்லை.

மூட்டைப்பூச்சியைத் தின்று தீர்க்கும் குளவி எதுவும் கிடையாது. அதற்கு இருக்கும் எதிரி சூடு ஒன்றுதான். ஐம்பது டிகிரிச் சூட்டில் அது சில நிமிடம்கூடத் தாங்காது. முட்டை மட்டும் கொஞ்சம் கெட்டி. 48 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கும். இத்தனை ஆண்டில் எந்த மருந்துக்கும் பழகிக்கொண்ட பூச்சி வெந்நீருக்குப் பழகவில்லை. நம் பாட்டிமார் அதை அறிந்துதான் கட்டில் சட்டத்தில் கெட்டிலைச் சாய்த்தார்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பாட்டிலை உறவுக்காரரிடமே திருப்பிக் கொடுக்க வைத்தேன். என் மகள், அந்தப் பெண்ணின் தாய், அவள் கணவன், நான், ஆக நாலு பேர். கயிற்றுக் கட்டிலின் கயிற்றை அவிழ்த்து அண்டாவில் வேகவைத்தோம். சட்டத்தின் மூட்டுகளில் கொதிக்கும் நீர். தூளிச் சேலையும் துணிகளும் வெந்நீரில். கம்பளியைத் துவைக்க முடியாது. அதனால் பெரிய அண்டாவில் அடியில் தண்ணீர் விட்டு, குறுக்கே கம்புகளைப் போட்டு, அதன்மேல் கம்பளியை வைத்து மூடி, இட்லிபோல ஒரு மணி நேரம் அவித்தோம். சுருங்கித்தான் போயிற்று. ரெக்சின் பையின் தையலை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தோம். சுவர் வெடிப்பை மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்தோம். கட்டில் கால் நாலையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினோம். வெளிநாட்டு வீடியோக்களில் வழுவழுப்பான வெறும் கிண்ணமே போதும் என்பார்கள். அந்த நாட்டு இனம் அதில் வழுக்கி விழும். நம் வெப்பநாட்டு மூட்டைப்பூச்சிக்குக் காலில் பிடிமானம் அதிகம், ஏறி வந்துவிடும். அதனால் தண்ணீர் அவசியம்.

ஒரு தடவை செய்தால் தீராது. தப்பிய முட்டைகள் பொரிக்கும். அதனால் வாரம் ஒரு தடவை என்று நான்கு வாரம் செய்தோம். குமாஸ்தாப் புத்தி, கணக்கு எழுதி வைத்தேன். விறகு ஏழு சுமை. கொதிக்க வைத்த தண்ணீர் ஏறக்குறைய நாற்பது குடம். நாலு பேருக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டு மணி நேரம். அந்தப் பெண்ணுக்கு நான்கு நாள் கூலி நஷ்டம். ஐந்தாவது வாரம் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அந்த பாட்டில் விஷத்தின் விலையைக் கேட்டேன். அவர் ஊற்றிக் கொடுத்த அளவுக்கு முப்பது ரூபாய்கூட வராது.

இந்தக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. விஷம் முப்பது ரூபாய், அரை மணி நேரம். சூடு ஏழு சுமை விறகு, ஐம்பத்திரண்டு மணி நேரம். தடை உத்தரவு அந்த முப்பது ரூபாயைத்தான் பிடுங்குகிறது. அந்த ஐம்பத்திரண்டு மணி நேரத்தை யார் தலையில் கட்டுவது என்று அதில் ஒரு வரியும் இல்லை. சொல்லாமல் விட்டால் அது போய் விழுவது எப்போதும் வீட்டுப் பெண் தலையில்தான். எங்கள் தெருவில் நாலு பேர் இருந்தோம். ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பெண் பாட்டிலைத்தான் திறப்பாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

எனவே நாமக்கல் நண்பருக்கு என் பதில் இதுதான். எந்த மருந்தும் அடிக்காதீர்கள். உங்கள் ஊரில் வெயில் இருக்கிறது, வீட்டில் இஸ்திரிப் பெட்டியும் இருக்கிறது, பேரன் இருக்கிறான், அவன் கொண்டுவந்த பூச்சிக்கு அவனே வெந்நீர் சுமக்கட்டும். அப்படியும் கடையில் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டு உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் சாய்சதுரக் கட்டத்தின் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பும் மஞ்சளும் கடும் விஷம், நீலம் அதற்கு அடுத்தது, பச்சை குறைந்தது. சிவப்பையும் மஞ்சளையும் படுக்கை அறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததைக் கையால் தொடாதீர்கள்.

மலைக்கு இந்தப் பதில் போதாது. அதனால் என் பழைய தொழிலைச் செய்தேன், மனு எழுதினேன். ஜனவரி 26 கிராம சபையில் கொடுத்த அந்த மனுவில் நான்கு கோரிக்கை. ஒன்று, துணி ஆவி அடிக்கும் இயந்திரம் ஒன்றிரண்டை வாங்கி, பயிற்சி பெற்ற இருவரிடம் கொடுத்து, ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுக்கும் சுற்றில் விட வேண்டும். இரண்டு, இந்த வேலைக்குப் போகிற பெண்களுக்கு நாள் கூலி தர வேண்டும். மூன்று, பள்ளி விடுதிகளையும், ஆடிப் பெருக்கில் கூட்டம் வந்து தங்கும் இடங்களையும் ஆண்டுக்கு இரண்டு தடவை சோதிக்க வேண்டும். நான்கு, பூச்சி மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றி விற்பதையும் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். டி.டி.டி. அடிக்க முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலுக்கும் வந்த அரசாங்கம் இது. ஆவி அடிக்கவும் வரலாம்.

“மூட்டைப்பூச்சிக்கு எல்லாமா மனு?” என்று ஒருவர் சிரித்தார். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து, “எங்க வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாத்திருந்தீங்கன்னா சிரிக்க மாட்டீங்கண்ணா” என்றாள். அதன் பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். எண் கொடுத்திருக்கிறார்கள், நகலும் என்னிடம் இருக்கிறது. பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது இதே நான்கையும் நீங்களும் கேட்டுப் பாருங்கள். மனுவின் வாசகம் வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.